நாள் பார்த்து வரும் திருடர்கள்: இணையத் தாக்குதலும் வதந்தியும் – கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி வைத்திருப்பவர்): சார், தகவல் போர், சைபர் தாக்குதல் எல்லாம் ராணுவத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும்தானே? எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு என்ன வந்தது?

பதில்: உங்கள் ஊருக்கு அது வந்தே போய்விட்டது. 2023 மார்ச் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார்: ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே இரு கோஷ்டியாக முன்பு நடந்த சண்டை. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. சண்டைகள் நிஜம், யார் யாரை அடிக்கிறார் என்று சொன்னதுதான் பொய்.

மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வழக்கம்போல ரயில் நிலையத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தையே காட்டி, 'பார், பயந்து ஓடுகிறார்கள்' என்றார்கள். ஒரு சர்வரைக்கூட யாரும் உடைக்கவில்லை, ஆனால் பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்க வேண்டியதாயிற்று.

மறுப்பைத் தமிழில் மட்டும் சொன்னால் யாருக்குப் போய்ச் சேரும்? போனில் அழுது 'உடனே கிளம்பி வா' என்கிற அம்மா பீகாரில் அல்லவா இருக்கிறார்! இந்தி தெரிந்தவர்களை வைத்துக் காவல்துறை உதவி எண் திறந்தது அதனால்தான். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழிலாளர்கள் நம்புகிற, அவர்கள் பாஷை பேசுகிற ஒரு சூப்பர்வைசரை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வதந்தி கிளம்பிய அன்றே, பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தோடு ஒரு நிமிட வீடியோ எடுத்துத் தொழிலாளர்களே வீட்டுக்கு அனுப்பட்டும். முதலாளி பேசுகிற வீடியோ வேண்டாம், அதை யாரும் நம்பமாட்டார்கள்.

அவரே: சப்ளையரிடமிருந்து 'பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்' என்று மெயில் வந்திருக்கிறது. லெட்டர்பேடு, சீல் எல்லாம் சரியாக இருக்கிறது.

பதில்: போடாதீர்கள். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பரைத் தொடாதீர்கள். முகத்தைப் பார்த்துவிட்டோமே என்றும் இருந்துவிட முடியாது. 2024-ல் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், வீடியோ மீட்டிங்கில் நிதித் தலைவர் சொன்னார் என்று 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்த மீட்டிங்கில் மேலதிகாரிகளாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி உருவங்கள்.

கேள்வி (கூட்டுறவு வங்கி ஊழியர்): எங்கள் மேலாளர், 'இரட்டைக் கையெழுத்து முறை இருக்கிறது, நம்மிடம் நடக்காது' என்கிறார். நம்பலாமா?

பதில்: பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் முறைகள் இருந்தன. அந்தக் கதையை அவருக்கு நாள்வாரியாகச் சொல்லுங்கள்.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள், இந்த வங்கியின் வழியாக ஏற்கெனவே புகுந்திருந்த திருடர்கள், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளையில் இருந்த பங்களாதேஷ் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் அனுப்பினார்கள். வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. விவரம் தெரிந்து டாக்கா கேட்கும்போது நியூயார்க்கில் வார விடுமுறை. திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பணம் போய்ச்சேர்ந்த ஊர் மணிலா. நல்ல நாள் பார்ப்பதில் நம் ஜோசியர்கள் தோற்றார்கள்!

பரிமாற்ற விவரங்களைத் தானாக அச்சிடும் பிரிண்டர் ஒன்று அங்கே இருந்தது. வெள்ளி காலை அது வேலை செய்யவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுவது எந்த ஆபீசில் இல்லை? விட்டுவிட்டார்கள். அதை முடக்கியதே திருடர்கள்தான்.

8.1 கோடி டாலர் மணிலாவில் ஆர்சிபிசி வங்கியின் ஜூபிடர் தெருக் கிளைக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் பெயருக்கு வந்தது. 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேண்டேஷன்' என்று எழுத்துப்பிழையோடு அனுப்பியிருந்ததைப் பார்த்து, இடையில் இருந்த டாய்ச்ச வங்கி கேள்வி கேட்டது, பணம் திரும்பியது. மீதியைத் தடுத்ததில் 'ஜூபிடர்' என்ற பெயருக்கும் பங்கு உண்டு. தடைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பலின் பெயரும் அதுவாக இருந்ததால் சோதனையில் மாட்டியது. சுத்த அதிர்ஷ்டம்.

மேலாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பொங்கல் விடுமுறையில் கணக்கிலிருந்து பெரிய தொகை போனால் யார் போன் அடிக்கும்? அந்த ஆளுக்குப் பரிமாற்றத்தை நிறுத்துகிற அதிகாரம் உண்டா, அல்லது அவரும் இன்னொருவரைத் தேட வேண்டுமா?

கேள்வி (கணக்கர், மதுரை): திருட்டு சாஃப்ட்வேர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. முறையாகப் பணம் கட்டி, முறையாக அப்டேட் செய்கிறேன். போதாதா?

பதில்: அவசியம், ஆனால் போதாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் (கணினியைக் கெடுக்கும் மென்பொருள்) பரவியதே முறையான அப்டேட் வழியாகத்தான். உக்ரைனில் கணக்கர்கள் வரி தாக்கலுக்குப் பயன்படுத்தும் எம்.இ.டாக் மென்பொருளின் சர்வருக்குள் புகுந்து, அப்டேட்டோடு சேர்த்து அனுப்பினார்கள். மறுநாள் அங்கே அரசியலமைப்பு தின விடுமுறை, இங்கேயும் நாள் பார்த்திருக்கிறார்கள். ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தன. உக்ரைனைக் குறிவைத்தது உலகம் சுற்றியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையம் வரை சரக்கு தேங்கியது.

மெர்ஸ்க்கில் யார் எதற்குள் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தன, அத்தனையும் அழிந்தன. கானா அலுவலகத்தில் ஒன்று மட்டும் பிழைத்தது, அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அதை எடுத்துவரக் கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை வந்து கைமாற்றிக் கொடுக்க, அங்கிருந்து லண்டனுக்குப் போனது.

கரண்ட் கட்டை நம்பி இருக்க முடியாது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி பேக்கப் எடுங்கள், எடுத்த உடனே ஒயரைக் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை.

கேள்வி (அரசு அலுவலர், பெயர் வேண்டாம்): எது நடந்தாலும் முதலில் மறுத்துவிடு என்பதே எங்கள் வழக்கம். சரியா?

பதில்: கூடங்குளத்தைப் பாருங்கள். 2019 அக்டோபர் 29 அன்று, தாக்குதலுக்கே வாய்ப்பில்லை என்று அணுமின் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் அவர்களுக்குச் செப்டம்பர் 4 அன்றே சொல்லியிருந்தது. கழகம் சொன்னபடி, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான இணைய இணைப்பில் இருந்த கணினி, உலையை இயக்கும் அமைப்பு தனி. முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். மறுத்துவிட்டுச் சொன்னதால், உலை பத்திரம் என்றபோதும் பலர் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள். தவிர, 2022 முதல் இப்படியான சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பது கட்டாயம். உங்கள் அலுவலகத்தில் அதை யார் செய்வது என்று உத்தரவு இருக்கிறதா?

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை): போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? 'கவனமாகப் படி' என்றால் போதுமா?

பதில்: கவனமாகப் படிப்பதே சில சமயம் வலை, மேடம். ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்க், மெக்ரூ என்ற இருவர் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். படித்த பேராசிரியர்களே லோகோவையும் அழகான வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. புதிய டேப் திறந்து, 'இவர்கள் யார்' என்று வெளியே தேடினார்கள்.

வகுப்பில் ஒரு ஃபார்வர்டைப் போடுங்கள். 'இது உண்மையா' என்று கேட்காதீர்கள், 'முதலில் போட்டது யார், எந்த ஊர், எந்த வருஷம்' என்று தேடச் சொல்லுங்கள். திருப்பூர் வீடியோவையே எடுத்துக்கொள்ளலாம்.

அவரே: பெற்றோர் போன் நம்பர், ஆதார் எல்லாம் ஒரே ஷீட்டில் போட்டு ஆசிரியர் குரூப்பில் பகிர்கிறோம்...

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் பள்ளிகளுக்கு மென்பொருள் தரும் பவர்ஸ்கூலில் 2024 டிசம்பரில் மாணவர் விவரங்கள் திருடுபோயின. அழித்துவிடுவோம் என்ற திருடர்களின் பேச்சை நம்பி நிறுவனம் பணம் கொடுத்தது. சில மாதங்களில் அதே தரவைக் காட்டிப் பள்ளிகளுக்கே மிரட்டல் வந்தது.

கேள்வி (சென்னை): அப்பாவுக்கு வீடியோ காலில் 'சிபிஐ' பேசி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ரூமை விட்டு வெளியே வரக்கூடாது என்கிறார்கள். இப்போது, இந்த நிமிஷம்.

பதில்: போனை வாங்கிக் கட் பண்ணுங்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். பிறகு இங்கே வந்து மற்றதைக் கேளுங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், அடுத்த முறை சொல்லவே மாட்டார்.