பரம்பரையலகில் குறை என்றால் உடம்பெல்லாம் குறையா?

அம்மா, உங்கள் மகனுடைய சிறுநீரகமும் மூளையும் இதயமும் பழுதாகப் போவதில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது ஒன்றுதான். கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாளில் கண் மஞ்சளான 22 வயது மகனுக்குக் ‘கில்பெர்ட்’ நிலை என்றும், பரம்பரையலகு ஒன்றின் ‘புரமோட்டர்’ பகுதியில் மாற்றம் இருக்கலாம் என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறார். பரம்பரையலகுகள் எல்லாக் கலங்களிலும் இருக்கின்றன என்று இணையத்தில் படித்த நீங்கள், அப்படியானால் எல்லா உறுப்புகளும் ஒவ்வொன்றாகக் கெட்டுவிடுமே என்று அஞ்சுகிறீர்கள்.

படித்தது சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் பிழை. ஒரு பரம்பரையலகு கலத்துக்குள் இருப்பது வேறு, அங்கே அது வேலை செய்வது வேறு. இன்சுலினுக்கான பரம்பரையலகு உங்கள் தோலிலும் உண்டு, எலும்பிலும் உண்டு. ஆனால் இன்சுலின் சுரப்பது சதையியில் உள்ள ஒருவகைக் கலங்களில்தான். உங்கள் வட்டையில் வாய்க்கால் எத்தனையோ வயல்களைத் தொட்டுக்கொண்டு ஓடினாலும், எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் பாயும் என்பது துருசின் கையில் இருக்கிறது அல்லவா? புரமோட்டர் என்பது பரம்பரையலகுக்குச் சற்று முன்னால் அமைந்த அத்தகைய துருசு. அதைத் திறப்பதற்கு வேண்டிய புரதங்கள் இழையத்துக்கு இழையம் வேறுபடுகின்றன. உங்கள் மகனுடைய விடயத்தில் பேசப்படுவது யூ.ஜி.டி. 1ஏ1 என்ற பரம்பரையலகு. பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை உடல் வெளியேற்ற உதவும் நொதியத்தை உண்டாக்குவது அதுதான். அதன் புரமோட்டரில் வந்து அமரும் எச்.என்.எஃப்.-1 என்ற புரதம் ஈரற் கலங்களில் நிறைய உண்டு. ஆகவே அந்தத் துருசு பெரும்பாலும் ஈரலிலும், ஓரளவு குடலிலும் திறக்கிறது. மூளையிலும் இதயத்திலும் அந்த நொதியத்தை நம்பி நடக்கும் வேலை எதுவும் இல்லை. அங்கே துருசு குறுகியிருந்தால் என்ன, அகன்றிருந்தால் என்ன?

இனி, அந்த மாற்றம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அந்தப் புரமோட்டரில் டி.என்.ஏ.யின் ‘டி, ஏ’ என்ற இரண்டு எழுத்துகள் வழமையாக ஆறு முறை அடுத்தடுத்து வரும். கில்பெர்ட் நிலை உள்ள பலரில் அவை ஏழு முறை வருகின்றன என்பது 1995இல் கண்டறியப்பட்டது. நொதியத்தின் அமைப்பில் எந்தப் பிழையும் இல்லை. உண்டாகும் அளவு மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. சாதாரண நாட்களுக்கு அதுவே போதும். பட்டினி, காய்ச்சல், நித்திரைக் குறைவு, கடும் உழைப்பு ஆகியவை வரும்போது பிலிரூபின் சற்றுத் தேங்கிக் கண் மஞ்சளாகும், பின் தானே வடியும். நீங்கள் இணையத்தில் கண்டு கலங்கிய கிரிக்ளர்–நஜ்ஜார் நோயும் இதே பரம்பரையலகைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் நொதியத்தின் அமைப்பே சிதைந்திருக்கிறது, அது பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிடும். 22 வயதில் முதன்முறையாக அது வெளிப்படுவது அரிது.

மகன் பிறந்தபோது நீல விளக்கின் கீழ் வைத்திருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். பிறந்த குழந்தை எதுவானாலும் அதன் ஈரலில் இந்த நொதியம் மிகக் குறைவாகவே இருக்கும். பிறந்த பிறகுதான் படிப்படியாகக் கூடும். அன்றைய மஞ்சளுக்காக நீங்கள் இன்றுவரை உங்களையே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. ஈரலுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி, மூன்று வாரங்களாக மீனும் எண்ணெயும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுத்து, காலையில் கீழ்க்காய்நெல்லிச் சாறும், மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிய ஈரல் மருந்தும் கொடுத்திருக்கிறீர்கள். பட்டினியால் மஞ்சளான பிள்ளையை மேலும் பட்டினி போட்டால் மஞ்சள் எப்படி வடியும்? சாற்றையும் மருந்தையும் இன்றே நிறுத்துங்கள். சோறும் மீனும் வேளைக்குக் கொடுங்கள். நீங்கள் இணைத்திருந்த அறிக்கையில் மொத்தப் பிலிரூபின் டெசிலீட்டருக்கு 3.1 மில்லிகிராம், அதில் நேரடிப் பிலிரூபின், அதாவது ஈரல் ஏற்கெனவே பதப்படுத்திய பகுதி, 0.4 மட்டுமே. ஈரல் நொதியங்களும் குருதிக்கல எண்ணிக்கையும் சரியாக உள்ளன. கெட்டுப்போன ஈரலின் அறிக்கை இப்படி இருக்காது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ‘இவனுக்கு எப்போதும் வருவதுதானே’ என்று அடுத்த மஞ்சளை நீங்கள் அலட்சியம் செய்துவிடக்கூடும். மகன் பெரும்போகத்துக்குச் சேற்றில் இறங்குபவர். விதைப்பு, மழை, விரதம் மூன்றும் ஒன்றாக வரும் மாதங்களில்தான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், சேற்று நீரால் தொற்றி அதுவும் கண்ணை மஞ்சளாக்கக்கூடிய எலிக்காய்ச்சலை நாங்கள் எதிர்பார்த்திருக்கிறோம். இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஓர் அடையாளம் உண்டு: சிறுநீர். கில்பெர்ட் நிலையில் தேங்கும் பிலிரூபின் குருதியில் அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதால் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறாது. ஆகவே கண் மஞ்சளாக இருந்தாலும், போதிய நீர் குடித்தபின் சிறுநீர் தெளிவாகவே போகும். நீர் குடித்தும் சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனால், அல்லது மலம் வெளுத்துப் போனால், அது கில்பெர்ட் அல்ல. அதுபோல, மஞ்சளுடன் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சேர்ந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்காமல், செங்கமாரிக்குப் பார்வை பார்ப்பவரிடம் போகாமல், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு நேரே கொண்டு செல்லுங்கள். வயலில் இறங்குபவர் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் சில நாட்களுக்குள் செயலிழக்கக்கூடும்; நேரத்தோடு தொடங்கும் அன்டிபயோட்டிக் அந்த உயிரைக் காக்கும்.

மற்றவை சிறியவை. திருமணத்துக்கு இது தடையே அல்ல. பெண்வீட்டாரிடம் மறைக்க வேண்டிய நோயுமல்ல. காய்ச்சலுக்குப் பனடோலை உரிய அளவில் கொடுக்கலாம். இரினோட்டிகன் என்ற புற்றுநோய் மருந்தை வெளியேற்றுவதும் இதே நொதியம் என்பதால், எக்காலத்திலாவது அத்தகைய சிகிச்சை தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனவே கில்பெர்ட் என்ற பெயரை அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வயல்வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்லும் முறைப்படி மகன் எடுக்கட்டும்.