நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை அளக்கிற வேலை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. மகள் வானியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள்; நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்த வேலையில் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்ப்பது ரொம்பக் குறைவு. இது அவளுக்கும் தெரிய வேண்டும்.

51 பெகாசி என்று ஒரு நட்சத்திரம். சுமார் 50 ஒளியாண்டு தொலைவில், நம் சூரியனைப் போலவே இருப்பது. சூரியனைப் போன்ற ஒன்றைச் சுற்றும் கோள் முதன்முதலில் 1995-இல் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். எடையில் வியாழனில் ஏறக்குறைய பாதி இருக்கும். வியாழன் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 ஆண்டு. இதற்கு நாலேகால் நாள்கூட ஆவதில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் கோளைப் பார்க்கவே இல்லை. கோளின் இழுப்பில் நட்சத்திரம் லேசாகத் தள்ளாடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே தெரியும் கருங்கோடுகள்) நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். நகர்வு ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குதான்! அதை அளந்தார்கள்.

முதலில் அந்த எண்களைக் கண்ட டிடியே கெலோ அப்போது முனைவர் பட்ட மாணவர். பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் வான்காணகத்தில் புதிதாக வைத்த எலோடி என்ற நிறமாலைமானியில், அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவியில், அளந்துகொண்டிருந்தார். ஏதோ தப்பு நடக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. சரிபார்த்துச் சரிபார்த்து, அப்புறம் வழிகாட்டி மிஷேல் மேயருடன் 1995 ஜூலையில் மறுபடி அளந்த பிறகே நம்பினார்கள். 2019-இல் நோபல் பரிசில் பாதி இருவருக்கும் வந்தது. நோபலை விடுங்கள், அது எல்லோருக்கும் விழுகிற சீட்டு இல்லை. தன் தப்பைத் தானே மாதக்கணக்கில் தேடினாரே, அதுதான் இந்த வேலையின் அன்றாடம்.

இளநிலையில் இயற்பியல் எடுக்கட்டும். கணிதம், புள்ளியியல், புரோகிராமிங் கூடவே வரட்டும். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிக ஆராய்ச்சிப் பணிதான். நிரந்தர இடங்கள் குறைவு. இதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். வெளியேறுகிறவர்கள் தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள், ஒளியியல் கருவிகள் என்று போகிறார்கள். அங்கேயும் கைகொடுப்பது இதே திறமைதானே.

முடிவெடுக்கும் முன் அவளுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். நாசாவின் எக்சோபிளானெட் ஆர்க்கைவ் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில், 51 பெகாசி நம்மை நோக்கி வரும், விலகும் வேகத்தின் அளவுகள் இலவசமாகக் கிடைக்கும். தேதிவாரியாக வரைந்தால் கைப்பிடி மணலை இறைத்த மாதிரி இருக்கும். தேதிகள் அங்கே தொடர் நாள் எண்ணாக இருக்கும்; ஒவ்வொன்றையும் கோள் ஒரு சுற்று முடிக்கும் 4.2308 நாளால் வகுத்து, மீதியை மட்டும் வைத்து மறுபடி வரையச் சொல்லுங்கள்; புள்ளிகள் ஓர் அலையாக ஒழுங்குபடும். வெறும் 4.2 என்று போட்டால் அலை கலைந்துவிடும்.

இப்படி எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் அவளுக்கு நேரம் போவதே தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம். சலித்துப்போய் மூடிவைத்தாலும் எழுதுங்கள். அப்போது பேச வேறு விஷயம் இருக்கிறது.