அறிவிக்க வேண்டும் என்று தெரிந்தும் மருந்தின் பாதகவிளைவுகளைச் சுகாதாரப் பணியாளர்கள் ஏன் அறிவிப்பதில்லை?

இதைப் பற்றி ஆய்வு வினாக்கொத்து ஒன்றைத் தயாரிப்பதாகக் கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஓர் அரச வைத்தியசாலையின் மருந்தகத்தில் பணியாற்றுபவன் என்ற வகையில், குறை அறிவில் அவ்வளவாக இல்லை என்பதே என் பதில். தாதியரிடமோ பயிற்சி வைத்தியரிடமோ கேட்டால் அறிவிப்பது கடமை என்றுதான் சொல்வார்கள். எதை, எவ்வளவு நிச்சயத்துடன் எழுதுவது, எழுதிய பின் தமக்கு என்ன நேரும் என்பவற்றில்தான் அவர்களுக்குத் தெளிவில்லை.

வார்ட்டில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட சிறிது நேரத்தில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழுகிறது. ஊசி நிறுத்தப்பட்டு, ஒவ்வாமையைத் தணிக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் பிரிட்டோனும் (Piriton) கொடுக்கப்பட்டு, பி.எச்.ரி. எனப்படும் நோயாளியின் சிகிச்சைப் பதிவேட்டின் முகப்பில் ஒவ்வாமை என்று சிவப்பு மையில் எழுதப்படுகிறது. நோயாளி தேறி வீடு சென்றதும் பி.எச்.ரி. பதிவறைக்குப் போய்விடும். எழுதியாயிற்று என்ற நிறைவு எல்லோருக்கும் இருக்கும். செய்தியோ வைத்தியசாலை வாசலைத் தாண்டியிருக்காது. மறுநாள் யாராவது அறிவிப்புப் படிவத்தைத் தேடியெடுத்தாலும், மருந்துக் குப்பி அதற்குள் கழிவோடு போயிருக்கும். குப்பியில் உள்ள உற்பத்தித் தொகுதி இலக்கம் (batch number) இல்லாவிட்டால், கோளாறு மருந்தின் இயல்பிலா அந்தக் குறிப்பிட்ட தொகுதியிலா என்று பிரித்தறிவது கடினம். தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரம் 2023இல் நாட்டையே உலுக்கிய பிறகும், குப்பியை எடுத்து வைக்கும் பழக்கத்தை நான் அரிதாகவே காண்கிறேன்.

"உறுதியாகத் தெரியாமல் எப்படி எழுதுவது?" என்பது வைத்தியர்களிடம் நான் அதிகம் கேட்கும் தயக்கம். சந்தேகமே போதுமானது. 1961இல் அவுஸ்திரேலிய மகப்பேற்று வைத்தியர் வில்லியம் மக்பிரைட் லான்செட் இதழுக்கு எழுதிய சிறு கடிதம் எதையும் நிறுவவில்லை. கர்ப்பகாலத்தில் தலிடோமைட் என்ற மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் தாம் கண்ட குறைபாடுகளைச் சொல்லி, வேறு யாரேனும் இவ்வாறு கண்டதுண்டா என்று கேட்டது, அவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் 1968இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அந்தத் தலிடோமைட் அனர்த்தத்தின் பின் பிறந்தது. காரணத்தை நிறுவுவது பல அறிக்கைகளைச் சேர்த்துப் பார்ப்பவர்களின் வேலையே தவிர, நள்ளிரவில் கட்டிலருகே நிற்கும் தாதியின் வேலை அல்ல.

அச்சம் வேறு கதை. பாதகவிளைவு பெரும்பாலும் யாருடைய பிழையும் அல்ல. மருந்துத் தவறு ஒருவரின் கையால் நடப்பது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணுவதால், முதலாவதை எழுதினாலும் விளக்கம் கோரிக் கடிதம் வரும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். படிவம் எழுதியவரே விசாரணைக்குப் போய் நின்ற கதைகளை மூத்தவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஆயினும் நாம் பதிவு செய்யாமல் அதிகம் இழப்பது, நோயாளியை அடையுமுன் பிடிபட்டுவிடும் தவறுகளைத்தான் என்பது என் எண்ணம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேற் குளிசை, நாள்தோறும் என்று மருந்துத் துண்டில் எழுதப்பட்டு வரும். அப்படியே எடுத்தால் என்புமச்சையைப் பாதித்து உயிரையே பறிக்கக்கூடிய மருந்து அது. மருந்தாளர் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுப்பார், "ஓம், பிழைதான், மாத்தி விடுங்கோ" என்று பதில் வரும், கடதாசி உறையில் எந்தக் கிழமை என்று எழுதிக் கொடுத்ததும் காரியம் முடிந்துவிடும். தீங்கு நேரவில்லை, ஆகவே யாரும் எதையும் எழுதுவதில்லை. பின்னர் வேறொருவரின் துண்டில் அதே பிழை வரும்.

இத்தனையையும் மீறிப் படிவம் அனுப்பியவருக்கும் 'கிடைத்தது' என்று ஒரு வரிகூட வருவது அபூர்வம். எனவே உங்கள் வினாக்கொத்தில் "அறிவிப்பது அவசியமா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஆம் என்றே குறிப்பார்கள். கடைசியாகக் கண்ட பாதகவிளைவு எது, படிவம் வார்ட்டில் எங்கே இருக்கிறது, அன்று குப்பி என்னவாயிற்று, அறிக்கை அனுப்பியிருந்தால் என்ன பதில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.