வேலை போனதும் காப்பீடும் ஏன் போகிறது?

கணவருக்கு வேலை போனதோடு மருத்துவக் காப்பீடும் போய்விட்டது, இவ்வளவு பணக்கார அமெரிக்காவில் ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

காரணம் பழையது. 1942இல், போர்க்காலத்தில், சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. கூடுதல் சம்பளம் தர முடியாத நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. வரிவிலக்கும் கிடைக்கவே அந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. 1945இல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்குமான திட்டத்தை முன்வைத்தார். மருத்துவர் சங்கமே எதிர்த்து நின்றது! 1965இல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் மட்டும் வழி பிறந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் வேலையை நம்பியே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இது அநியாயம்.

இப்போது அவசரம்: காப்பீடு நின்ற 60 நாளுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் புதிய திட்டம் எடுத்துவிடுங்கள். கோப்ரா (COBRA) என்ற சட்டத்தின்படி பழைய காப்பீட்டையே சில காலம் தொடரலாம், ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நீங்களே கட்ட நேரும். கடைசித் தேதியை இன்றே பாருங்கள்.