புரதச் சோதனைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தம்பியின் 2 வயது மகளுக்குச் சேலத்தில் மூளைக்கட்டி அகற்றப்பட்டது. திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகும், புரதச் சோதனை முடிந்தால்தான் கட்டியின் பெயரைச் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். இந்தத் தாமதம் அவசியமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அவசியம்தான். இவ்வயதில் வரும் மூளைக்கட்டிகள் சில, நுண்ணோக்கியில் ஒரே மாதிரியான சிறிய நீல நிறச் செல்களாகவே தெரிவதால், மெடுல்லோபிளாஸ்டோமாவையும் ஏ.டி.ஆர்.டி. எனப்படும் அரிய கட்டியையும் தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது தேர்ந்த நோயியல் வல்லுநருக்கும் கடினம். இரண்டுக்கும் சிகிச்சைமுறையோ வேறு.

இங்கே துணைபுரிவது ஐ.என்.ஐ.1 என்ற புரதம். இயல்பான செல்களின் உட்கருவில் இருக்கும் இப்புரதத்தை, அதனோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு பழுப்பு நிறமாகக் காட்டுவார்கள். மெடுல்லோபிளாஸ்டோமாவில் அந்நிறம் ஏறும், ஏ.டி.ஆர்.டி.யில், இப்புரதத்தை உருவாக்கும் ஸ்மார்க்பி1 என்ற மரபணு செயலிழந்திருப்பதால், பெரும்பாலும் ஏறாது. அப்போதும், கட்டிக்குள் ஓடும் இரத்தக் குழாய்களின் செல்களில் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அவற்றிலும் ஏறவில்லை என்றால் சோதனையே பிழைத்துவிட்டது என்று பொருள்; அதைக் கவனியாமல் முடிவு சொல்வது பெருந்தவறு.

ஒரு புரதம் மட்டும் போதாது. எல்.ஐ.என்.28ஏ என்பது குழந்தைகளுக்கு வரும் வேறோர் அரிய கட்டியின் அடையாளம் என்றாலும், சில ஏ.டி.ஆர்.டி. கட்டிகளிலும் தென்படும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடும் தோற்றத்தோடு மூலக்கூறு அடையாளங்களைச் சேர்த்தே பெயரிடுகிறது.

ஏ.டி.ஆர்.டி. என்று உறுதியானால், ஸ்மார்க்பி1 மரபணுப் பிறழ்வு பிறவியிலேயே உள்ளதா என்று குழந்தையின் இரத்தத்திலும் பார்க்கும்படி மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். மெழுகில் பதித்த திசுக் கட்டைகளைப் பத்திரப்படுத்தவும் சொல்லுங்கள். மேற்சோதனைக்கு வெளியூர் ஆய்வகத்தை நாட நேர்ந்தால் அவையே தேவைப்படும்.