கொடிமலையில் காட்சியைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கேள்வி: பள்ளி விடுமுறையில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பினாங்குக்கு வருகிறோம். கொடிமலையில் (பினாங்கு ஹில்) காட்சியைத் தவிர, நம் கலை, பண்பாடு என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏதும் உண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் ஏற முடியாது.
- ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: நிறைய உண்டு, தங்கச்சி. நான் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்தவள். மலைக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

முதலில் அந்த ரயிலையே காட்டுங்கள். அது 1923இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் வெள்ளைக்காரத் துரைமார்களை டோலியில் வைத்துத் தோளில் சுமந்துதான் மேலே கொண்டுபோனார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுவோம். 2011இல் புது ரயில் வந்த பிறகு அந்த மாற்றம் இல்லை; ஒரே மூச்சில் மேலே போய்விடலாம், அம்மாவுக்கும் சிரமம் இருக்காது.

மேலே அருள்மிகு அருளொளி திருமுருகன் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். 1800களில் சின்னச் சன்னிதியாகத் தொடங்கிய கோயில் அது. உள்ளே போகுமுன் வெளியே நின்று கோபுரச் சுதைச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எது மயில், எது சேவல், வேல் யார் கையில் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மலையின் மக்களைப் பார்த்த மாதிரி.

கீழே இறங்கியதும் கெக் லோக் சி. சீனர் கோயில்தானே என்று விட்டுவிடாதீர்கள். 1930இல் முடிந்த அதன் ஏழு நிலைக் கோபுரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. மூன்று நாட்டுக் கைவண்ணம் ஒரே கட்டடத்தில், ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கிறது. அம்மா அதில் ஏற வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் மூன்றும் நன்றாகப் பிரிந்து தெரியும்.

அப்புறம், இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் தண்ணீர்மலை. அங்கே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். பிள்ளைகளை உங்கள் வீட்டுக்காரரோடு அனுப்பிவிட்டு, நீங்களும் அம்மாவும் கீழேயே இருக்கும் நாட்டுக்கோட்டை செட்டியார் கோயிலில் உட்காருங்கள். செட்டிநாட்டிலிருந்து வந்தவர்கள் 1857இல் எழுப்பியது. தைப்பூசத்தில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்கும் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து இந்தக் கோயிலுக்கு வரும் வெள்ளி ரதம், 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் இன்றும் ஊரே அதற்காகத் தெருவில் காத்திருக்கிறது. வழிநெடுகத் தேங்காய்களை மலைபோல் குவித்து உடைப்பதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். முடிந்தால் அடுத்த தைப்பூசத்துக்கும் வாருங்கள். எனக்குக் கொடிமலையைவிட அந்த இரவுதான் பெரிது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. விடுமுறையில் ரயிலுக்கு வரிசை நீளமாக இருக்கும், வெயிலில் அம்மாவை நிறுத்தாதீர்கள். வார நாளில், காலையிலேயே வந்துவிடுங்கள். ஜோர்ஜ்டவுனில் தங்கினால் 204ஆம் எண் பஸ் நேராக மலையடிவாரத்துக்கு வரும். மேலே குளிர்க்காற்று வீசும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் லக்சா (புளிப்பான மீன் குழம்பில் நூடுல்ஸ்) கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாதென்றால் மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள்.