அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுத்தருகிறேன். இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது பயிற்சியாளர் சங்கத்துக்குக் கட்டணம் கட்டத்தான் வேண்டுமா?

கட்டுங்கள். ஆனால் பாடம் படிப்பதற்காகக் கட்ட வேண்டாம். பாடம் இன்று ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. சங்கத்தில் நீங்கள் வாங்க வேண்டியவை இரண்டே. ஒன்று காப்பீடு. மற்றொன்று, நீங்கள் கற்றுத்தருவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஓர் அனுபவசாலியின் கண்.

நீங்கள் எழுதியிருப்பது இது: கல்லூரி அணிக்காக ஆடியவர், இப்போது டெக்ஸஸில் குடியிருக்கிறீர்கள், சனி ஞாயிறுகளில் பூங்கா ஆடுகளத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறீர்கள். நானும் இதே மாநிலத்தில் ஒரு கிளப்பில் முழுநேரப் பயிற்சியாளர் என்பதால், இங்குள்ள நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் காப்பீடு. டென்னிஸ் பயிற்சியில் நான் அடிக்கடி பார்க்கும் விபத்து, கூடையிலிருந்து உருண்டு கிடக்கும் பந்தின் மேல் ஒரு பிள்ளை கால் வைத்துக் கணுக்கால் பிசகுவதுதான். பின்னால் ஓடியபடியே உயரப் பந்தை அடிக்கப் போகும் பிள்ளை கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது அடுத்தது. பெற்றோர் உங்கள் நண்பர்கள்தான், சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கலாம். இந்த நாட்டில் மருத்துவமனைச் செலவைக் கட்டிய காப்பீட்டு நிறுவனமே அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வர முடியும். அப்போது நண்பர் விரும்பினாலும் தடுக்க இயலாது. தவிர, நகராட்சிப் பூங்காவில் காசு வாங்கிக் கற்றுத்தரப் பல ஊர்களில் அனுமதிச் சீட்டு தேவை. அனுமதி கேட்டுப் போனால் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்பார்கள். நகராட்சியின் பெயரையும் அதில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள்.

இங்கே பயிற்சியாளர்களுக்கான பழைய சங்கங்கள் இரண்டு. 1927-இல் தொடங்கிய யு.எஸ்.பி.டி.ஏ. இப்போது பிக்கிள்பால் போன்ற மற்ற மட்டை விளையாட்டுகளையும் சேர்த்துக்கொண்டு ஆர்.எஸ்.பி.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று, டெனிஸ் வான் டெர் மீர் என்ற பயிற்சியாளர் 1976-இல் தொடங்கிய பி.டி.ஆர். ஆடத் தெரிந்தவர் எல்லோரும் கற்றுத்தரத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார், கற்றுத்தருவதைத் தனியே பயில வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்காகவே எனக்கு அவர் மீது மிகுந்த மதிப்பு உண்டு. இரு சங்கங்களுமே உறுப்பினர்களுக்குப் பயிற்சி நேர விபத்துகளுக்கான பொறுப்புக் காப்பீட்டை வழங்கி வந்திருக்கின்றன. ஆண்டுக் கட்டணத்தையும், இதே காப்பீட்டைத் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்களைப் போல வாரக் கடைசியில் மட்டும் கற்றுத்தருபவருக்குக்கூட, சில வாரப் பயிற்சிக் கட்டணத்தில் அந்தச் செலவு அடங்கிவிடும்.

இனி இணையம். யூடியூபில் எசென்ஷியல் டென்னிஸ், ஃபீல் டென்னிஸ் போன்ற சானல்களை நானும் பார்க்கிறேன். அருமையாக விளக்குகிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஆடுபவருக்காக எடுக்கப்பட்டவை. சர்வ் போடும்போது முன்கை எப்படித் திரும்புகிறது என்பதை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை மட்டையைத் தோசைக்கரண்டி போலப் பிடித்துக்கொண்டு, பந்தை மேலே போடவே தடுமாறும்போது அந்தக் காட்சி உங்களுக்குக் கைகொடுக்காது. ஓர் ஆடுகளம், எட்டுப் பிள்ளைகள், ஒரு மணி நேரம்: இதைச் சமாளிப்பதுதான் உங்கள் உண்மையான வேலை. அதைச் சொல்லித்தரும் காணொளிகள் குறைவு, இருப்பவற்றுக்குப் பார்வையாளர்களும் குறைவு.

பயிற்சியாளருக்கென்றே இருக்கும் இடம், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஐ.டி.எஃப். அகாடமி தளம். பெயரைப் பதிவு செய்தால் போதும், பல பாடங்கள் இலவசம். அதே கூட்டமைப்பு 1993 முதல் நடத்திவரும் பயிற்சி மற்றும் விளையாட்டு அறிவியல் இதழையும் காசில்லாமல் படிக்கலாம். மாதச் சந்தா கேட்கும் காணொளித் தளங்களுக்குப் போகும் முன் இவற்றை முடியுங்கள். முதல் ஆண்டில் சந்தாத் தளம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த அகாடமியில் முதலில் பார்க்க வேண்டியது பத்து வயதுக்குட்பட்டோருக்கான பகுதி. பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தைக் கொடுத்து முழு ஆடுகளத்தில் நிறுத்துவது கொடுமை. பந்து தலைக்கு மேல் எகிறும், பிள்ளை பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கென்றே உள்ள பந்துகளில் சிவப்புப் பந்து மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக்கூடாது என்று விதியே மாறிவிட்டது. சிவப்புப் பந்துக்கான சிறு ஆடுகளத்தின் நீளம் 36 அடி. இரட்டையர் ஆட்டக் கோடுகளுக்கு இடைப்பட்ட அகலமும் அதே 36 அடி. அதனால் பெரிய ஆடுகளத்தின் குறுக்கே, வலையின் இரு பக்கமும் இரண்டிரண்டாக, நான்கு சிறு ஆடுகளங்களைப் போட்டுவிடலாம். எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். யாரும் வரிசையில் நின்று கொட்டாவி விட வேண்டியதில்லை.

இதுவரை இணையத்திலேயே கற்றுக்கொள்ளலாம். இதற்கு மேல் உள்ளதைத்தான் நான் பி.டி.ஆர். பயிலரங்கில் கண்டேன். ஒரு பயிற்சியாளர் இப்படியே குறுக்காகக் கோடு போட்டு, அழகாக நான்கு ஆடுகளங்களை அமைத்திருந்தார். மாலை நேரம். மதிப்பிட வந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் போய், மேற்கே பார்த்து நின்ற ஒரு பிள்ளையின் பின்னால் அதே உயரத்துக்குக் குனிந்து நின்றார். பிறகு அந்தப் பயிற்சியாளரையும் கூப்பிட்டு அங்கே குனிந்து பார்க்கச் சொன்னார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. டென்னிஸ் ஆடுகளங்களைப் பொதுவாக வடக்கு தெற்காகக் கட்டுவதே, காலை மாலை வெயில் ஆடுபவரின் முகத்துக்கு நேரே வராமல் இருக்கத்தான். குறுக்காகக் கோடு போட்டதும் பாதிப் பிள்ளைகள் சூரியனைப் பார்த்து நிற்கிறார்கள். "பந்தைப் பார், பந்தைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அவனால் எப்படிப் பார்க்க முடியும்?" என்று கேட்டுவிட்டு, நாம் பந்து போட்டுக் கொடுக்கும்போது வெயிலை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும், பிள்ளைகளே ஆடிக்கொள்ளும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்றார்.

அதே நாளில் இன்னொரு பயிற்சியாளர் ஃபோர்ஹேண்ட் அடியைச் சொல்லிக்கொடுத்தபோது, அந்த அம்மையார் கடிகாரத்தை எடுத்து ஒரே ஒரு சிறுமியை மட்டும் கவனித்தார். பத்து நிமிடத்தில் அவள் அடித்தது ஆறே பந்து. மற்ற நேரமெல்லாம் விளக்கம் கேட்டாள், வரிசையில் நின்றாள். விளக்கம் தெளிவாகவும் சரியாகவும்தான் இருந்தது. யாரும் அருகில் இல்லாமல் நாமே நம்மை இப்படிப் பார்ப்பது மிகக் கடினம். இந்தப் பயிலரங்கு ஒன்றுக்காகவே அந்தச் சங்கத்துக்குக் கொடுக்கும் பணம் தகும்.

மற்றச் சலுகைகளைப் பெரிதாக எண்ண வேண்டாம். மட்டை, பந்து, காலணிக்குத் தள்ளுபடி உண்டு. நிறையப் பந்து வாங்குபவருக்குப் பயன்படும். மாநாடுகள் நன்றாக இருக்கும், ஆனால் பயணச் செலவு, ஓட்டல் செலவு எல்லாம் சேர்ந்தால் உங்களுக்கு இப்போது கட்டுப்படியாகாது. கிளப் வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் சான்றிதழ் கட்டாயம் உதவும். வேலை விளம்பரங்களில் அதை வெளிப்படையாகவே கேட்கிறார்கள். அமெரிக்க டென்னிஸ் சங்கமான யு.எஸ்.டி.ஏ.வும் பயிற்சியாளர்களுக்கெனத் தனித் தளம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. பணம் கட்டும் முன் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிறர் பிள்ளைகளோடு வேலை செய்கிறோம். 2018-இல் கையெழுத்தான கூட்டரசுச் சட்டத்துக்குப் பின், தேசிய விளையாட்டு அமைப்புகளின் கீழ்ப் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள், துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தாக வேண்டும். விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்கக் கற்றுத்தரும் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியையும், பின்னணிச் சோதனையையும் முடித்துவிடுங்கள். ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க நேரும் சூழலை எப்படித் தவிர்ப்பது, காரில் ஏற்றிச் செல்லலாமா, குறுஞ்செய்தி அனுப்பும்போது பெற்றோரையும் ஏன் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பயிற்சியில் வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் உங்களிடம் கேட்கத் தயங்கும் கேள்விக்கு நீங்களே முன்வந்து தரும் பதில் இது.

சில ஆண்டுகளில் கோயம்புத்தூர் திரும்பும் எண்ணம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அங்கே பள்ளி, கல்லூரி, அரசு வேலை என்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பி.டி.ஆர். சான்றிதழ் தனியார் அகாடமிகளில் உதவலாம். இங்கே வாங்கும் காப்பீடு அங்கே செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பணம் கட்டும் முன் சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். கிளப்பில் சேராமல் தனியாகக் கற்றுத்தருபவருக்கும் காப்பீடு பொருந்துமா, பொதுப் பூங்காவில் பொருந்துமா, நகராட்சியின் பெயரைச் சேர்த்துச் சான்றிதழ் தருவார்களா, முதல் ஆண்டுச் சலுகை முடிந்த பிறகு கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பி.டி.ஆரில் பத்து வயதுக்குட்பட்டோர், 11 முதல் 17 வயது, பெரியவர்கள், போட்டி ஆட்டக்காரர்கள் என்று பயிலரங்குகள் தனித்தனியாக உண்டு. உங்கள் எட்டுப் பேரும் சின்னவர்கள் என்றால் முதலாவதையே எடுங்கள்.